நாலு மணி நேரக் கதிரையும் கொரியா நாடகங்களும்

எங்கள் டயலிசிஸ் அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். ஊசி வலிக்குமா என்பது முதலாவது. நாலு மணி நேரம் எப்படிப் போகும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில், வலிக்கும். வலிக்காது என்று சொல்கிற நேர்ஸ் மிஸ்மாரை நம்பாதீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொரியா நாடகம் ஒரு எபிசோட் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு நாலு. பதினாறு எபிசோட் உள்ள நாடகம் நாலு தடவையில் முடியும். வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் உட்காருகிறோம் என்பதால், இரண்டு வாரம் உயிரோடு இருந்தால் ஒரு கதையை முழுதாகப் பார்த்துவிடலாம். நான் இப்போது நாட்களை இப்படித்தான் எண்ணுகிறேன்.

என் பெயர் சாந்தி. வயது நாற்பத்திரண்டு. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பேசுவதே இல்லை, அதனால் வீட்டுக்கு ஒருவருக்காவது வாய் வேண்டியிருக்கிறது. நாடகங்களின் பெயர்களை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பெயர்கள் என் நாக்கில் ஏறியதும் இல்லை, தலையில் நின்றதும் இல்லை. நானே வைத்த பெயர்களைச் சொல்கிறேன்.

நோய் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் முகம் வீங்கத் தொடங்கியது. காலையில் இமை உப்பிக் கண் திறக்காது. "என்ன சாந்தி, மினுமினுன்னு இருக்கே, வீட்டுக்காரரு நல்லா ஊட்டுறாரோ?" என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன், மடச்சி. அப்புறம் கால் வீங்கியது. மலை ஏறினால் மூச்சு வாங்கியது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது என் பழக்கம். கடையில் கேட்டால் தருவார்கள். வருடக்கணக்காக அது இல்லாமல் நான் கூடையை மாட்டியதில்லை. எனக்கு மட்டுமில்லை, எங்கள் மலையில் பாதிப் பெண்களுக்கு அதுதான் காலைச் சாப்பாடு.

இரண்டு பஸ் மாறிப் போகும் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து காத்திருக்க ஒரு வாங்கு, ஒவ்வொரு வாங்கிலும் அரை நாள். கடைசியில் ஒரு டொக்டர் தமிழிலேயே சொன்னார். கிரியேட்டினின் என்பது உடம்பு உழைக்கும்போது இரத்தத்தில் சேருகிற குப்பையாம். அதைக் கூட்டித் தள்ளுவது சிறுநீரகங்களின் வேலையாம். "உங்களுக்கு ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு அம்மா. உள்ளுக்குக் கூட்டுறதுக்கு ஆளில்ல. பிரஷர் கனகாலமா கூடி இருந்திருக்கு, அதுக்கு மேல அந்த வலி மாத்திரையும் சேந்து கெடுத்திருக்கு."

"எத்தன மாசம் மருந்து குடிக்கணுங்க?" என்று கேட்டேன்.

"மருந்துல திரும்புற கட்டம் தாண்டிருச்சு. மெஷின்தான். இல்லாட்டி ஆராவது ஒரு கிட்னி குடுக்கணும்."

கொரியா நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் கதாநாயகியின் கையிலிருந்து ரிப்போர்ட் நழுவி விழும். வெளியே மழை பெய்யும். ஒரு பெண்குரல் பாட்டு ஒன்று இழுக்கும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எங்களுக்கு மூணரைக்கு பஸ்ஸு, போகலாங்களா?" என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இரண்டாவது வளைவு திரும்பும்போதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கணேசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெஷினில் போடுவதற்கு முன் இடது கையில் ஒரு சின்ன ஒப்பரேஷன் செய்தார்கள். இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, இரத்தம் வேகமாக ஓடுகிற மாதிரி ஆக்குவது. அந்த இடத்தில் காதை வைத்தால் பாலத்துக்கடியில் தண்ணீர் ஓடுவது போல ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் பிரஷர் பார்க்கக் கூடாது, அதன் மேல் சாய்ந்து படுக்கக் கூடாது. இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு ஒரு கையை எடுத்துவிட்டால் மலையில் என்ன வேலை? தோட்டத்துப் பதிவிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் கொடுமை தண்ணீர். சிறுநீர் போவது நின்றுவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு நாளைக்கு அரை லீட்டர், மருந்து விழுங்குகிற தண்ணீர், சோற்றுக்கு ஊற்றுகிற ரசம் எல்லாம் சேர்த்து. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, வளர்ந்து, வாழ்க்கைப்பட்டு, ஒரு கோப்பை தேத்தண்ணியை நாலு பேருக்குப் பங்கு வைப்பது போல ஒரே ஆள் நாலு வேளைக்குப் பங்கு வைத்துக் குடித்தேன். கணேசன் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் மார்க்கர் பேனையால் கோடு போட்டு வைத்தார், காலைக்கு ஒரு கோடு, பகலுக்கு ஒரு கோடு. அவருக்கு ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. "பச்ச எலையில இருந்து தண்ணி எடுக்குறதுதானே என் தொழிலு, கவலப்படாத," என்றார். அந்த மாதம் முழுவதற்கும் அவர் பேசியது அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் சுபா என் முன்னால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலுக்குப் போய் நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள்.

இந்த நிலைமையில்தான் எனக்கு நாடகம் அறிமுகமானது. பக்கத்துக் கதிரையில் ரிஸ்மியா ராத்தா. அவர்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். கொழும்பில் படிக்கும் மகள் நாடகங்களை டெப் என்கிற பெரிய போனில் ஏற்றி அனுப்புவாள். முதல் நாள் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நடுங்கியபடி கிடந்தபோது, ராத்தா தன் இயர்போனில் ஒரு காதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இந்தா புள்ள, ரத்தத்தப் பாக்காத, இதப் பாரு." அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டிலேயே முழுக் கதையையும் பார்த்துவிட்டு வருவார். என்னோடு இரண்டாம் தடவை பார்க்கும்போது முடிவைச் சொல்லிவிடுவார். 'சொல்' என்பது அவர் வாயில் 'செல்' என்று வரும். "நான் செல்றத கேளு. பதினாலாவதுல மாமியாக்காரி மௌத்தாகுவா. இப்ப நிம்மதியா பாரு." மாமியார் செத்துப்போவது தெரிந்தபின் எனக்கென்ன நிம்மதி? எத்தனையோ தடவை சண்டை பிடித்தேன். "என்ன வரப்போகுதுன்னு தெரியாம என்னால இருக்கேலா புள்ள," என்பார்.

சரி, எது நல்ல நாடகம்? மெஷினில் இருக்கிறவருக்கு நல்ல நாடகம் வேறு, வீட்டில் சோபாவில் இருக்கிறவருக்கு வேறு. பணக்கார மாமியார் கதைகளை முதலில் தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றிலும் கட்டாயம் ஒரு காட்சி வரும். பெரிய ஹோட்டலில் மாமியார் உட்கார்ந்திருப்பாள், ஏழைப் பெண் எதிரே தலைகுனிந்திருப்பாள், மாமியார் கிளாஸை எடுத்து ஒரு கிளாஸ் தண்ணீர் முழுவதையும் அவள் முகத்தில் விசிறுவாள். எல்லாரும் அந்தப் பெண்ணுக்காக அழுவார்கள். எங்கள் அறையில் எட்டுக் கதிரையிலும் இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீருக்காக அழுவோம். "பாவி, குடிச்சிருக்கலாமேடி!" என்று நான் ஒரு தடவை கத்தியேவிட்டேன். மிஸ் ஓடிவந்து மெஷினைப் பார்த்தார்.

சாப்பாட்டுக் கதைகளும் வேண்டாம். கொரியாக்காரர்கள் துக்கம் வந்தாலும் நூடில்ஸ், சந்தோசம் வந்தாலும் நூடில்ஸ், அதுவும் உறிஞ்சுகிற சத்தத்தோடு. ஜப்பானில் சாப்பாட்டுக்கென்றே தனி நாடகங்கள் இருக்கின்றன. ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டுவார்கள். வாழைப்பழமும் இளநீரும் மறுக்கப்பட்டு, கீரையைக்கூட அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தின்கிறவளுக்கு அது பார்க்கக்கூடிய காட்சியா?

ஆஸ்பத்திரிக் கதைகள் எனக்குச் சிரிப்பூட்டும், அதனால் பார்க்கலாம். டொக்டர்மார் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நோயாளி உதட்டுச் சாயத்தோடு படுத்திருப்பாள். தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் மெட்ராஸ்காரர்கள் போலிருக்கிறது, கொரியா டொக்டர் இன்னொரு கொரியா டொக்டரை "இன்னா மச்சி" என்பான். உண்மைக் குரலில் கீழே எழுத்து ஓடுகிறதைப் பார்ப்பதே மேல் என்று சுபா சொல்கிறாள். இரண்டு ஊசி குத்திய கையோடு எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஜப்பான் நாடகம் முக்கால் மணி நேரம்தான், பத்து எபிசோடில் முடிந்துவிடும். பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிற நாளுக்கு அதுதான் சரி. நான் சலவைக்கடைக் கதை என்று சொல்கிற ஒன்று இருக்கிறது. ஒரு தகப்பனும் மகளும் சலவைக்கடை நடத்துகிறார்கள். இரண்டு பேருக்கும் பதினைந்து வருடக் கோபம். ஒன்பதாவது எபிசோட் வரை ஒருவரும் வாயைத் திறப்பதில்லை, துணியை மடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ராத்தாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய நாடகம். பேசாத ஆணோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது நான் யாரும் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற நாடகத்துக்கு வருகிறேன். அண்ணன் தம்பி கதை. சண்டை போட்டுப் பிரிந்த தம்பிக்குக் கிட்னி போய்விடுகிறது. பதினோராவது எபிசோடில் அண்ணன் இரத்தம் கொடுத்துப் பார்க்கிறான், பொருந்துகிறது. பன்னிரண்டில் ஒப்பரேஷன். பதின்மூன்றில் இரண்டு பேரும் கடற்கரையில் மீன் சுட்டுத் தின்கிறார்கள். ராத்தா டெப்பிலிருந்து என் போனுக்கு ஏற்றித் தந்ததை நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கணேசன் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். அவர் நிற்கிறதே எனக்குத் தெரியாது. பதின்மூன்றாவது முடிந்ததும் சொன்னார்.

"நான் தர்றேன்."

"என்னத்த?"

"ரெண்டுல ஒண்ண."

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதத்தில் எனக்கு இருந்த நம்பிக்கையை எப்படிச் சொல்வேன்? இரத்தப் பிரிவு ஒத்து வந்தது. அவர் வேலைக்கு லீவு போட்டுப் போட்டு ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கினார். ஃபெக்டரிக்காரர்கள் ஒரு சோதனைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உதவினார்கள். நான் இராத்திரியில் படுத்து, ஒப்பரேஷன் முடிந்ததும் முதலில் குடிக்கப்போகும் தேத்தண்ணியை நினைத்துப் பார்ப்பேன். பெரிய பித்தளைச் செம்பில், இஞ்சி தட்டிப்போட்டு.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவர் கிளினிக்கிலிருந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"சீனி வருத்தமாம்," என்றார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ரத்தத்துல சீனி கனநாளா கூடியிருக்காம், எனக்கே தெரியல. எடுக்க மாட்டாங்களாம். எடுத்தா எனக்கும் உன் கெதிதானாம்." அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி, "என்னய மன்னிச்சிரு சாந்தி," என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஐயோ, எவ்வளவு கேவலம் பாருங்கள், அந்த மனுசன் மேல் கோபம் வந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. சுபா, "எனக்குப் பதினெட்டு வரட்டும்மா," என்று வாயைத் திறந்தாள். "பேசாதே!" என்று அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடுத்த நாள் மெஷினுக்குப் போய்வந்தேன். புதன்கிழமை இருவரும் வெளியே போனபின் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு லயத்துக் கோடியில் இருக்கும் பீலிக்குப் போனேன். மலைத் தண்ணீர், பல் கூசுகிற குளிர்ச்சி. செம்பு நிறையப் பிடித்துக் குடித்தேன். இன்னொரு செம்பு. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். போத்தல் கோடாவது கீடாவது. வியாழக்கிழமையும் குடித்தேன். சாக வேண்டும் என்று குடித்தீர்களா, தாகத்துக்குக் குடித்தீர்களா என்று பிறகு டொக்டர் கேட்டார். எனக்கே தெரியவில்லை என்றேன். அது உண்மை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. அன்றைக்குக் கணேசனுக்கு லீவு இல்லை, தனியாகப் போனேன். எட்டுப் பேரும் நனைந்துதான் வந்திருந்தோம். எங்கள் அறையில் மெஷினில் போடுமுன் எடை பார்ப்பார்கள். தண்ணீர் சேராத உடம்பின் எடையை 'ட்ரை வெயிட்' என்பார்கள். எனக்கு நாற்பத்தேழு கிலோ. அதற்கு மேல் எத்தனை கிலோ இருக்கிறதோ அத்தனையும் தண்ணீர் என்று கணக்கு. அந்த அளவைத்தான் மெஷினில் போட்டு இழுப்பார்கள். அன்றைக்கு முள் ஐம்பத்திரண்டில் நின்றது.

இந்த இடத்தில் எங்கள் கொழுந்து நிறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை நாளில் இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்று இத்தனை கிலோ, சாக்குக்கென்று இத்தனை கிலோ கழித்துத்தான் எங்களுக்கு எடை போடுவார்கள். உடம்பெல்லாம் நனைந்து பதினெட்டு எடுத்தால் பதினைந்துதான் விழும். இருபத்தொரு வருடம் நான் அப்படி வாதாடியும் வாங்கியும் பழகியவள். மழை, ஈரம், தராசு, மூன்றும் ஒன்றாக வந்தால் கழிக்க வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. தராசில் நின்றபடியே சொன்னேன்:

"மிஸ், சொயிட்டர், சால்வை எல்லாம் ஈரம். ரெண்டர கிலோ கழிங்க."

நிலூகா மிஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. என் நடுக்கத்தைப் பார்த்தார், வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்தார். நாற்பத்தொன்பதரை என்று எழுதினார். பாதி பழக்கத்தில் சொன்னேன், பாதி வெட்கத்தில் சொன்னேன். ஐந்து கிலோத் தண்ணீர் குடித்தவள் என்று யாரும் பார்த்துவிடக் கூடாதே. பிரஷர் ஏன் இவ்வளவு கூடியிருக்கிறது என்று மிஸ் கேட்டார். காலையில் பிரஷர் குளிசை போடவில்லை என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். இரண்டரை கிலோவை மட்டும் மெஷின் எடுத்தது. மிச்சம் எனக்குள்ளேயே இருந்தது.

அந்த நாலு மணி நேரமும் ராத்தாவோடு லிஃப்ட்காரன் கதை பார்த்தேன். இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் திருத்துகிற ஒருவன். பதினேழாம் மாடியில் ஒரு பெண் மூன்று வருடமாகக் கதவுக்கு வெளியே காலை வைத்ததில்லை. பன்னிரண்டாவது எபிசோடின் கடைசியில் அவள் லிஃப்ட் வாசல் வரை வந்து நிற்கிறாள். கதவு திறக்கிறது. அதோடு நிறுத்திவிட்டார்கள். மிச்ச நாலும் இன்னும் டெப்புக்கு வரவில்லையாம், அன்றைக்கு இராத்திரிதான் மகள் அனுப்புவாளாம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய கோப்பைத் தேத்தண்ணி குடித்தேன். பஸ் ஏறினேன். மலை வளைவுகளில் மூச்சு முட்டியது. குனிந்தால் அடைத்தது, நிமிர்ந்தால் இருமல் வந்தது. இருமலோடு நுரை வந்தது. தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். "ஐயோ, இந்த அக்காவுக்கு என்னமோ ஆகுது, நிறுத்துங்க!" என்று பின் சீட்டுப் பெண் கத்தியது கேட்டது. எதிரே வந்த மரக்கறி லொறி ஒன்றை மறித்து, டிரைவருக்குப் பக்கத்தில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, அந்தப் பெண்ணும் ஏறி என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை நான். லொறியில் லீக்ஸ் வாசனை. செத்துப்போகப் போகிறேன் என்று தெரிந்தது. இரண்டு நாளாகச் சாவை நினைத்தோ தாகத்தை நினைத்தோ குடித்தவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. வேண்டாம், வேண்டாம், சாமி, வேண்டாம் என்று மட்டும்தான் மனதுக்குள் சொன்னேன்.

நுரையீரலுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் மாஸ்க் போட்டு, அவசரமாக மெஷினில் மாட்டி எடுத்தார்கள். அடுத்த நாள் காலை கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் டொக்டரும் நிலூகா மிஸ்ஸும் நின்றார்கள். டொக்டர் என் அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார். எடை பார்க்கத் தெரியாதா, இந்த அம்மா செத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. மிஸ் தரையைப் பார்த்து நின்றார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

நாடகத்தில் இந்த நேரத்தில் கதவுக்குப் பின்னால் யாராவது நின்று உண்மையைக் கேட்டிருப்பார்கள். எத்தனை கதையில் பார்த்தேன்! இங்கே கதவுக்குப் பின்னால் ஒரு வாளியும் கூட்டுகிற தும்புத்தடியும்தான் இருந்தன. நான்தான் சொல்ல வேண்டும். என்னுடையது சந்தைச் சிங்களம். மாஸ்க்கை இழுத்துவிட்டு, "மம பொரு கிவ்வே, சேர்," என்றேன். பொய் சொன்னது நான் என்று. மூச்சு வாங்க வாங்க மிச்சத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கலந்து சொன்னேன், பீலியையும் செம்பையும், கொழுந்து நிறுவையையும், இரண்டரை கிலோவையும்.

டொக்டர் அட்டையை மூடினார். "ரெண்டு பேரும்தான் பிழை," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மிஸ் மாஸ்க்கை எடுத்து என் முகத்தில் திரும்பப் போட்டார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. "அம்மா, இது கொழுந்து தராசு இல்ல," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

திங்கட்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். செவ்வாய் விடியும்போது கணேசன் என் சால்வையை எடுத்துக்கொண்டு நின்றார். நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"நான் வரலங்க. போதும். கிட்னியும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாகுற வரைக்கும் இப்படியே ஓடணுமா? நீங்களும் லீவு போட்டுப் போட்டுச் சாகணுமா?"

போகாவிட்டால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ, அவ்வளவுதான் என்று அவருக்கும் தெரியும். அவர் சால்வையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "குடுக்கணும்னு நெனச்சத குடுக்க முடியல. பஸ்ஸுல கூட வர்றத மட்டுமாவது குடுக்க விடு," என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். சுபா வாசலில் நின்று அழுவது கேட்டது.

அப்போது போன் அடித்தது. ரிஸ்மியா ராத்தா. அவர் ஏற்கனவே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டாராம்.

"எங்க புள்ள நீ? பஸ்ஸு ஏறிட்டியா?"

"நான் வரல ராத்தா. இனிமே வரமாட்டேன்."

அவர் வாயைத் திறக்குமுன் நானே கேட்டேன். "அந்த லிஃப்ட்காரன் கதை முடிவ மட்டும் சொல்லிருங்க. அவ லிஃப்ட்டுல ஏறுறாளா, இல்லையா?"

"செல்ல மாட்டேன்."

"என்னது?"

"செல்ல மாட்டேன்டு செல்றேன். வந்து பாரு."

"ஒவ்வொரு கதைக்கும் கேக்காமலே முடிவச் சொல்லி என் உசிர எடுத்தீங்களே, இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"செல்ல மாட்டேன் போடி," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! இரண்டு தடவை திரும்ப அழைத்துப் பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. எழும்பி உட்கார்ந்தேன். "கொழுப்பப் பாருங்க அவங்களுக்கு! சாகப்போறவ கேட்டாக்கூட சொல்ல மாட்டாங்களாம்!" என்று கணேசனிடம் கத்தினேன். அவர் என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வழிநெடுக ராத்தாவைத் திட்டிக்கொண்டே போனேன், கணேசன் கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்றைக்கும் தூறல்தான். நிலூகா மிஸ் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். நான் சால்வையை எடுத்தேன், சொயிட்டரைக் கழற்றினேன், செருப்பையும் கழற்றினேன். பல் கிடுகிடுவென்று அடிக்க, சட்டையும் பாவாடையுமாக ஏறி நின்றேன். மிஸ் நான் கழற்றிய துணிகளை அள்ளி, நான் இறங்கியதும் தராசில் போட்டுப் பார்த்தார். ஈரத்தோடு எழுநூறு கிராம். அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது.

ராத்தா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஊசி குத்தி முடிந்ததும் இயர்போனில் ஒரு காதைக் கழற்றி நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"இப்பயாவது சொல்லுங்க. ஏறுறாளா?"

"எனக்குத் தெரியா."

"பொய்."

"அல்லா மேல ஆணையா தெரியா. வெள்ளிக்கெழம ஒன்னய லொறியில கொண்டுவந்ததாம்டு கேள்விப்பட்டதுல இருந்து நான் அத தொறக்கவே இல்ல," என்றார் டெப்பைத் துடைத்தபடி. "நீ இல்லாம நான் எப்பிடிப் பாக்குற?"

பதின்மூன்று, பதினாலு, பதினைந்து பார்த்தோம். அந்தப் பெண் ஏறவில்லை, திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினாறாவது ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னும் இருபது நிமிடம் இருக்கையில், என் மெஷின் கத்தியது. இந்தக் கொரியாக்காரர்கள் கடைசி எபிசோடை மட்டும் இழுத்து வைப்பார்கள். மிஸ் வந்து ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை அழுத்தினார்.

"இன்னும் கொஞ்சம்தான் மிஸ்," என்றேன்.

"அடுத்த ஆள் இருக்கு அம்மா."

ராத்தா டெப்பை அணைத்து மூடினார். "வீட்டுல பாக்க மாட்டேன், பயப்படாத," என்றார்.

மாதங்கள் போய்விட்டன. என் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது, கிட்னி எங்கேயும் இல்லை. பீலிப் பக்கம் போனால் இன்றைக்கும் கால் நிற்கிறது. பிழைத்துவிட்டேன் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: எடை பார்க்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறுங்கள், பக்கத்துக் கதிரையில் இருக்கிறவரிடம் ஒரு காது இயர்போன் கேளுங்கள். அந்தப் பெண் ஏறினாளா என்று என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அது தெரிவதற்காகத்தான் நான் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் போனேன்.